புதிய பாகம் ஏன் பொருந்தவில்லை?



“ஒழுங்காகப் படி. இல்லாவிட்டால் லோரிப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.” இந்த வாக்கியத்தைக் கேட்காத தமிழ்ப்பள்ளி மாணவன் நம் நாட்டில் இருப்பது அரிது. பெற்றோர் சந்திப்பு நாளில் மகனை அருகில் நிறுத்திக்கொண்டே தாய்மார்கள் இதனைச் சொல்கின்றனர். ஆசிரியர் அறையிலும் இது ஒலிக்கின்றது. 2021ஆம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பிறகும் இந்த மிரட்டல் மட்டும் நீங்கவில்லை.

இவ்வாக்கியத்தில் இரண்டு கருத்துகள் மறைந்துள்ளன. பட்டறை வேலைக்கு உடல் வலிமை போதும் என்பது ஒன்று. சிந்திக்க இயலாதவனுக்கு ஏற்ற இடம் அது என்பது மற்றொன்று. இரண்டும் தவறானவை என்பதோடு, இரண்டும் ஆபத்தானவை என்பதும் என் கருத்து. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு இதனை விளக்க முயல்கிறேன். லோரியின் முன்பகுதியைப் பழுது பார்க்கும்போது, வாங்கி வந்த புதிய பாகம் பொருந்தாமல் போனால் என்ன செய்வது என்பதே அது.

என் சித்தப்பா கிள்ளான் வட்டாரத்தில் நெடுங்காலமாக லோரிப் பட்டறை நடத்தி வருகின்றார். பள்ளி விடுமுறையில் அங்குச் சென்று அமர்ந்து, அவர் வேலை செய்வதைப் பார்ப்பதும் கேள்வி கேட்பதும் எனக்கு வழக்கம். துறைமுகத்திற்குச் செல்லும் லோரிகள் பல அங்கு வரும். கீழே எழுதுவனவற்றில் பெரும்பகுதி அங்கு நான் கண்டு கற்றவையே.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம். பெரும்பாலான லோரிகளின் முன்புறத்தில் ஒரு கனத்த இரும்பு அச்சு குறுக்கே செல்லும். அச்சின் இரு முனைகளிலும் செங்குத்தான துளை உண்டு. அத்துளையில் விரலைவிடத் தடித்த எஃகுத் தண்டு ஒன்று நிற்கும். அதுவே ‘கிங் பின்’. சக்கரத்தைத் தாங்கும் கவை போன்ற பாகம் (பட்டறையில் ‘நக்கிள்’ என்பர்) அச்சு முனையை மேலும் கீழுமாகக் கவ்விக்கொண்டு, இந்தத் தண்டைச் சுற்றித் திரும்பும். கவையின் மேல் துளையிலும் கீழ்த் துளையிலும் ‘புஷ்’ எனப்படும் உலோக வளையங்கள் இருக்கும். தண்டு அச்சோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். புஷ்கள் அதன்மேல் சுழலும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்கள் திரும்புவது இதனால்தான். முன்பக்கம் இறங்கும் பல டன் எடைக்கு நடுவே, இந்தத் தண்டும் வளையங்களுமே சக்கரத்தை நேராக நிறுத்துகின்றன.

நாளடைவில் புஷ் தேய்கிறது, தண்டும் தேய்கிறது. சக்கரம் ஆடத் தொடங்குகிறது. முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் கைக்குத் தெரியும். ஆனால் அதே ஆட்டம் சக்கரப் பேரிங் தளர்ந்தாலும் வரும். எது என்று எப்படி அறிவது? ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, இன்னொருவர் மீண்டும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பிரேக் மிதித்தவுடன் ஆட்டம் நின்றால் பேரிங்கில் குறை. நிற்காவிட்டால் கிங் பின்னைப் பார்க்க வேண்டும். இரண்டு காரணங்கள் ஒரே அறிகுறியைத் தரும்போது, ஒன்றை அடக்கி மற்றொன்றைச் சோதிக்கும் இந்த முறையைத்தான் நாம் அறிவியல் பாடத்தில் ‘மாறி’ என்று கற்பிக்கிறோம். பட்டறைப் பையன் அதனைப் பெயர் தெரியாமலே செய்கின்றான்.

சரி, குறை தெரிந்துவிட்டது. கடையிலிருந்து புதிய கிங் பின், புஷ், பேரிங் அனைத்தும் ஒரு பெட்டியில் வந்துவிட்டன. பழைய புஷ்களைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியனவற்றை அழுத்திப் பொருத்தியாயிற்று. இப்போது புதிய தண்டு உள்ளே நுழைய மறுக்கிறது. அனுபவமற்றவன் இந்த இடத்தில் சுத்தியலைத் தேடுவான். அறிந்தவன் சில கேள்விகளை வரிசையாகக் கேட்பான்.

முதற்கேள்வி: வந்தது சரியான பாகந்தானா? ஒரே பெயர் கொண்ட லோரியில் எடைத் திறனுக்கும் ஆண்டுக்கும் ஏற்ப வெவ்வேறு அச்சுகள் உண்டு. நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய ஜப்பானிய லோரிகளின் பாகங்களைக் கழற்றி வந்து இங்குள்ள வண்டிகளில் மாட்டி ஓட்டுவது நெடுநாள் வழக்கம். ஆகவே வாகனப் பதிவு அட்டையில் உள்ள விவரத்தைக் கடைக்காரரிடம் சொன்னால், அந்த வண்டி பிறந்தபோது இருந்த அச்சுக்குரிய பாகம் கிடைக்கும். இப்போது அடியில் இருக்கும் அச்சுக்குரிய பாகம் கிடைக்காது. எனவே பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். எங்கே அளப்பது என்பதிலும் ஓர் அறிவு உண்டு. பழைய தண்டின் இரு முனைகளும் புஷ்ஷில் உரசித் தேய்ந்தவை. அங்கே அளந்தால் பொய்யான அளவே வரும். அச்சினுள் அசையாமல் நின்ற நடுப்பகுதியே பெரும்பாலும் தேயாத பகுதி. உண்மையான அளவை அங்கேதான் தேட வேண்டும்.

இரண்டாம் கேள்வி: இருக்கை நன்றாக இருக்கின்றதா? பாகம் சரியாக இருந்து, அது அமர வேண்டிய இடம் கெட்டிருக்கலாம். துளையில் துரு ஏறியிருக்கலாம். முன்பு எவரோ ஓங்கி அடித்ததில் துளையின் விளிம்பு மடங்கி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கலாம். தண்டைப் பூட்டும் குறுக்கு ஆணியின் வழி அடைபட்டிருக்கலாம். அந்த ஆணி தண்டில் வெட்டப்பட்டுள்ள பள்ளத்தில் சரியாக அமர வேண்டும். தண்டைச் சிறிது திருப்பி வைத்துவிட்டால் ஆணி ஏறாது. ஆணியை அடித்து ஏற்றப் பார்ப்பதைவிடத் தண்டைத் திருப்பி வைப்பதே மருந்து.

மூன்றாம் கேள்வி: இந்தப் பாகம் முழுமையாகச் செய்து முடிக்கப்பட்டதா, அல்லது பொருத்திய பிறகு முடிக்க வேண்டியதா? இதுதான் பலரும் தவறும் இடம். புஷ் இறுக்கமாக அமர வேண்டும் என்பதற்காக அதன் வெளி விட்டத்தைத் துளையைவிட மயிரிழை பெரிதாகச் செய்திருப்பார்கள். அழுத்தி உள்ளே செலுத்தியதும் அதன் உள் விட்டம் சுருங்கிவிடும். கையில் இருந்தபோது தண்டு தாராளமாக நுழைந்த அதே புஷ், துளைக்குள் போனதும் தண்டை மறுக்கின்றது. அப்படிப்பட்ட புஷ்களை ‘ரீமர்’ கொண்டு சீவி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் தனித்தனியே சீவினால் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் நில்லா. இரண்டையும் சேர்த்துத் தாங்கும் நீண்ட ரீமர் வேண்டும். சீவத் தேவையில்லாத புஷ்களும் விற்பனையில் உண்டு. எது எது என்பதைப் பெட்டியிலுள்ள குறிப்பைப் படித்தே அறிய வேண்டும். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் அதில் சில பங்கு மட்டுமே. நாம் வகுப்பில் பயன்படுத்தும் சாதாரண ஏ4 தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அதாவது நூறில் பத்துப் பங்கு. தாளின் கனத்தைவிடக் குறைந்த அளவில் நடக்கும் வேலையைத்தான் நாம் ‘மூளை தேவையில்லாத வேலை’ என்கிறோம்.

நான்காம் கேள்வி: பக்கத்தில் இருப்பது வளைந்துள்ளதா? முன்பு எங்கேனும் மோதியதில் அச்சோ கவையோ வளைந்திருந்தால், சரியான பாகமும் பொருந்தாது. பொருந்தாத பாகம் இங்கே குற்றவாளியாக நிற்காமல், சாட்சியாக நிற்கின்றது. மறைந்திருந்த பழைய விபத்தை அதுதான் வெளிப்படுத்துகின்றது. அதனை அடித்து ஏற்றிவிட்டால் சாட்சியின் வாயை அடைத்தாயிற்று.

இவ்வளவும் இறுக்கமாக இருந்து மறுத்த பாகத்தைப் பற்றியவை. இதனினும் கொடியது, எளிதாக உள்ளே போய்விடும் தவறான பாகம். சித்தப்பா ஒருநாள் இதனை எனக்குச் செய்தே காட்டினார். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பியின் முனையில் ‘டை ராட் எண்ட்’ என்னும் மூட்டு உண்டு. அதன் தண்டு கூம்பு வடிவினது. அதற்கேற்ற கூம்புத் துளையில் அமரும். கூம்பின் சரிவு சற்றே மாறுபட்ட ஒரு மூட்டை எடுத்துத் துளையில் வைத்தார். தடையின்றி நுழைந்தது. நட்டும் இறுகியது. கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

“நல்லாத்தானே இருக்கு சித்தப்பா?” என்றேன்.

“கழற்றிப் பார்த்துட்டுச் சொல்லு தம்பி” என்றார்.

கூம்பின்மேல் மையை மெல்லியதாகத் தடவி, மீண்டும் துளையில் வைத்து இறுக்கிக் கழற்றினார். சரியான மூட்டாயின் துளையைத் தொட்ட தடம் கூம்பு முழுவதும் பரவியிருக்க வேண்டும். இதில் ஒரு மோதிரம் போல ஓரிடத்தில் மட்டும் தடம் தெரிந்தது. ஏனைய பகுதி துளையைத் தொடவே இல்லை. அந்த வண்டி பட்டறையை விட்டு நன்றாகவே செல்லும். மேடு பள்ளங்களில் அதிர்ந்து அதிர்ந்து, அந்த மோதிரம் தேய்ந்து, மூட்டு தளரும். தளரும் இடம் நெடுஞ்சாலையா, பள்ளிக்கூட வாசலா என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

விடை சரியாக வந்து வழிமுறை தவறாக இருக்கும் கணக்கைத் திருத்தும்போது நாம் என்ன செய்கிறோம்? நல்ல ஆசிரியர் வழிமுறையைத்தான் பார்க்கின்றார். பட்டறையிலும் ‘உள்ளே போயிற்று’ என்பது விடை மட்டுமே. ‘எங்கெங்கே தொடுகின்றது’ என்பதே வழிமுறை.

பொருந்தாமையின் காரணத்தைத் தேடாமல் பழியை மட்டும் தேடினால் என்ன நேரும் என்பதற்கு ஜப்பானில் நடந்த ஒரு நிகழ்வு சான்று. 2002ஆம் ஆண்டு ஜனவரியில் யொகொஹாமா நகரில், ஓடிக்கொண்டிருந்த மிட்சுபிஷி கனரக வாகனம் ஒன்றின் முன்சக்கரம் ஹப் உடைந்து கழன்று ஓடியது. நடைபாதையில் சென்ற ஓர் இளந்தாய் உயிரிழந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் காயமுற்றனர். சரியாகப் பராமரிக்காததால் ஏற்பட்ட தேய்மானமே காரணம் என்று நிறுவனம் முதலில் கூறியது. அதாவது, குறை வண்டியை வைத்திருந்தவரின் மேலும் பழுது பார்த்தவரின் மேலும் சுமத்தப்பட்டது. 2004ஆம் ஆண்டில்தான் ஹப்பின் வடிவமைப்பிலேயே குறை உண்டு என்பது ஒப்புக்கொள்ளப்பட்டு, வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முன்னாள் பொறுப்பாளர்கள் இருவரின் தண்டனையை உறுதி செய்தது. பாகத்தில் குறையா, பராமரிப்பில் குறையா என்னும் கேள்விக்கு நேர்மையான விடை வருவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அளந்து, எழுதி வைத்து, ‘குறை இங்கேதான்’ என்று காட்டத் தெரிந்த தொழிலாளிதான் தன்மேல் வரும் வீண்பழியையும் தடுக்க முடியும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். “ஆசிரியர் பேசுவது ஏட்டுச் சுரைக்காய். லோரி ஒருநாள் நின்றால் உரிமையாளருக்கு வருமானம் இல்லை, மாதத் தவணை மட்டும் நிற்காது. சரியான பாகம் வரும்வரை காத்திருக்க முடியுமா? கொஞ்சம் தேய்த்து, கொஞ்சம் தட்டித்தானே ஓட்ட வேண்டும்?” இந்த மறுப்பில் நியாயம் உண்டு. பட்டறைக்காரர்களின் சமயோசித அறிவு பெரியது. அதனை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் ஓர் எல்லைக்கோடு இருக்கின்றது. உருவாக்கியவனே ‘இங்கே சரிசெய்துகொள்’ என்று விட்டுவைத்த இடங்கள் சில உண்டு. புஷ்ஷைச் சீவுவது அப்படிப்பட்டது. அச்சுக்கும் கவைக்கும் இடையே மெல்லிய தகடுகளை வைத்து மேல் கீழ் ஆட்டத்தைக் குறைப்பதும் அப்படிப்பட்டதே. அங்கே கைத்திறனைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் கிங் பின்னையே அரைத்துச் சிறிதாக்குவதும், ஸ்டியரிங் பாகங்களை நெருப்பில் காய்ச்சி வளைப்பதும், தேய்ந்த மூட்டை வெல்டிங் வைத்து நிரப்புவதும் வேறு வகை. எஃகின் வலிமை அதனைப் பதப்படுத்திய முறையில் இருக்கின்றது. காய்ச்சினால் அந்தப் பதம் போகும். போனது கண்ணுக்குத் தெரியாது. எங்கே சரிசெய்யலாம், எங்கே கூடாது என்று பிரித்தறிவதே தொழிலறிவு. அந்த அறிவு இல்லாதவனிடம் உரிமையாளரின் அவசரமும் சேர்ந்தால் துன்பம் உறுதி.

இனி நம் பக்கத்திற்கு வருவோம். ‘படிக்காவிட்டால் பட்டறை’ என்று சொல்லிச் சொல்லி அனுப்பப்படும் பையன், அங்கே சிந்திக்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தோடுதான் போகின்றான். பெட்டியிலுள்ள குறிப்பைப் படிக்க மாட்டான். படிப்பு தனக்கு வராது என்று நாம்தான் அவனுக்குக் கற்பித்திருக்கிறோமே! மைக்ரோமீட்டரைத் தொட அஞ்சுவான். தசமக் கணக்கில் அவன் வாங்கிய சிவப்பு மதிப்பெண்கள் நினைவுக்கு வரும். எஞ்சுவது சுத்தியல் ஒன்றே. அவன் பொருத்திய முன் அச்சோடு ஒரு லோரி நம் பிள்ளைகள் ஏறிச் செல்லும் பள்ளிப் பேருந்துக்கு எதிரே வரும். நாம் விளையாட்டாகச் சொன்ன மிரட்டலின் விலை அவ்வளவு தொலைவு செல்லக்கூடியது.

ஆரம்பப் பள்ளியில் நாம் என்ன செய்ய இயலும்? படிநிலை இரண்டில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் இருக்கின்றது. கணிதத்தில் தசமமும் நீட்டலளவையும் இருக்கின்றன. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் நடத்தும் ஒரு நடவடிக்கையைப் பகிர்ந்துகொள்கிறேன். இரும்புக்கடையில் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்டுகளையும் நட்டுகளையும் வாங்குவேன். சிலவற்றின் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர், சிலவற்றினது 1.25 மில்லிமீட்டர். ஜப்பானிய வாகனங்களில் இந்த 1.25 மிகுதியாகக் காணப்படும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவற்றைக் கலந்து குழுக்களிடம் கொடுத்துவிடுவேன். பொருந்தாத நட் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகி நிற்கும். உடனே ஸ்பேனரைக் கேட்பவர்களும் உண்டு. நான் கொடுப்பதில்லை. மாறாக, மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுவேன். எதுவரை ஏறியது? வேறு எதனோடு ஏறுகின்றது? இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

சிறிது நேரத்தில் எவரேனும் ஒருவர் இரண்டு போல்ட்டுகளின் மரைகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார். ஒரே மரையாயின் பற்கள் ஒன்றில் ஒன்று அமரும். வேறாயின் இடையிலே வெளிச்சம் தெரியும். அதைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் தேர்வில் முதலிடம் பெறும் மாணவர் அல்லர். கடைசி வரிசையில் இருந்து எழுந்து வருகின்றார். அன்று அவர் முகத்தில் தெரியும் ஒளியை எந்த மதிப்பெண் பட்டியலிலும் நான் கண்டதில்லை.

மொழியையும் மறக்கலாகாது. பட்டறையில் தமிழும் மலாயும் சீனமும் கலந்தே புழங்குகின்றன; பாகப் பட்டியலோ ஆங்கிலத்தில் இருக்கும். அங்கே நம் மாணவன் தடுமாறாதிருக்க வேண்டுமாயின், ‘தளர்ச்சி’, ‘இடைவெளி’, ‘சரிவு’, ‘விட்டம்’ ஆகிய கருத்துகள் தாய்மொழியில் அவனுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். கருத்துத் தெளிந்தவனுக்குப் பிறமொழிச் சொல் ஒரு பெயர் மட்டுமே. கருத்தே தெளியாதவனுக்கு எம்மொழிச் சொல்லும் வெறும் ஓசைதான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், மலேசியத் திறன் சான்றிதழ் முதல் மூன்று நிலைகளாகவும், அதற்குமேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா என ஐந்தாம் நிலை வரையிலும் வழங்கப்படுகின்றது. கைத்தொழிலுக்குச் செல்லும் பிள்ளைக்கும் படிக்கட்டு உண்டு. அதில் ஏறுவதற்கு அளக்கவும் படிக்கவும் பொறுமையாகக் கேள்வி கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். கழற்றிய மிதிவண்டியை மீண்டும் பூட்ட முடியாமல் மகனோ மகளோ விழிக்கும்போது, “உனக்கு எதற்கு இந்த வேலை?” என்று கேட்காதீர்கள். “எந்த இடத்தில் பொருந்தவில்லை?” என்று கேளுங்கள். பிறகு பிள்ளை விடை கண்டுபிடிக்கும்வரை சற்றே காத்திருங்கள்.

பட்டறைக்குப் போவதைத் தண்டனையாகக் காட்டும் வாக்கியத்தை நாம் இனி உச்சரிக்காமல் இருப்போம். பட்டறைக்குப் போகும் பிள்ளை, பொருந்தாத பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஏன்?’ என்று கேட்கத் தெரிந்தவனாகப் போகட்டும். அதனைக் கற்பிக்க வேண்டியவர்கள் நாமே.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்